உலோகத்தின் எந்த முகத்திலிருந்து எலக்ட்ரான் எளிதில் வெளியேறும்?

பாடநூல் அட்டவணைகளில் டங்ஸ்டனின் வெளியேற்று ஆற்றல் 4.5 எலக்ட்ரான் வோல்ட் என்று ஒற்றை எண்ணாக அச்சிடப்பட்டிருக்கும். உலோகத்தினுள் ஃபெர்மி மட்டத்தில், அதாவது எலக்ட்ரான்கள் நிரம்பியிருக்கும் உச்ச ஆற்றல் நிலையில், இருக்கும் ஓர் எலக்ட்ரானைப் பரப்புக்குச் சற்று வெளியே கொண்டுவந்து நிறுத்தத் தேவைப்படும் ஆற்றல் அது. அந்த எண் ஒரு சராசரி மட்டுமே. ஏனெனில் சாதாரண டங்ஸ்டன் துண்டு எண்ணற்ற நுண்படிகங்களின் தொகுப்பு, அவை ஒவ்வொன்றும் வெவ்வேறு முகத்தை வெளியே காட்டிக்கொண்டிருக்கின்றன. ஒற்றைப் படிகம் ஒன்றைக் குறிப்பிட்ட திசைகளில் வெட்டி, மாசு நீக்கி, உயர் வெற்றிடத்தில் அளந்தால் 110 முகத்துக்குச் சுமார் 5.25, 100 முகத்துக்கு 4.63, 111 முகத்துக்கு 4.47 எலக்ட்ரான் வோல்ட் என மூன்று விடைகள் கிடைக்கின்றன. (110, 100, 111 என்பவை படிகம் எந்தத் திசையில் வெட்டப்பட்டது என்பதைக் காட்டும் குறியீடுகள்.) பார்வைக்கு இது சிறிய வேறுபாடுதான். ஆனால் வெப்ப அயனி உமிழ்வில், அதாவது சூடான உலோகம் எலக்ட்ரான்களை வெளிவிடும் நிகழ்வில், இந்த ஆற்றல் அடுக்குக்குறியில் அமர்ந்திருப்பதால், மற்றவை சமமாக இருக்க, 2000 கெல்வினில் 111 முகம் உமிழும் மின்னோட்டம் 110 முகத்தினுடையதைப் போல ஏறத்தாழ 90 மடங்காகிவிடும்.

அணுக்கள் அதே அணுக்கள், ஃபெர்மி மட்டமும் படிகம் முழுவதற்கும் ஒன்றுதான். மாறுவது மேலடுக்கின் அடர்த்தி. டங்ஸ்டன் பொருள் மைய கனசதுர அமைப்பு (கனசதுரத்தின் மூலைகளிலும் நடுவிலும் அணுக்கள்) உடையது. அதன் 110 முகத்தின் மேலடுக்கில் ஒரு சதுர நானோமீட்டருக்கு 14 அணுக்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. 100 முகத்தில் 10, 111 முகத்தில் 6-க்கும் குறைவு. முதல் முகம் ஏறக்குறையச் சமதளம். கடைசி முகம் மேடும் பள்ளமுமானது.

உலோகத்தின் எலக்ட்ரான் மேகம் கடைசி அணு வரிசையோடு சட்டென்று நின்றுவிடுவதில்லை. அது வெற்றிடத்துக்குள் சிறிது தூரம் கசிகிறது. வெளியே சற்று எதிர்மின்னூட்டமும் உள்ளே அதற்கு ஈடான நேர்மின்னூட்டமும் சேர்ந்து பரப்பின் மீது ஒரு மின் இரட்டை அடுக்கு உருவாகிறது. வெளியேறும் எலக்ட்ரான் இந்த அடுக்கையும் தாண்டியாக வேண்டும் என்பதால் வெளியேற்று ஆற்றல் உயர்கிறது. இதற்கு எதிராக வேலை செய்யும் இன்னொரு விளைவை 1941-இல் ரோமன் ஸ்மோலுகோவ்ஸ்கி எடுத்துக்காட்டினார். குவித்து வைத்த நெல்லிக்காய்களின் மீது துணியைப் போர்த்தினால் அது ஒவ்வொரு இடுக்கிலும் இறங்காமல் மேலோட்டமாகப் படிவதைப் போல, எலக்ட்ரான் மேகமும் அணுக்களின் மேடு பள்ளங்களை அப்படியே பின்பற்றுவதில்லை. கூர்மையாக வளைந்தால் அதன் இயக்க ஆற்றல் உயரும். அதைத் தவிர்க்க, மேடுகளிலிருந்து எலக்ட்ரான்கள் நகர்ந்து பள்ளங்களை நிரப்புகின்றன. இதனால் மேடுகளின் உச்சியில் நேர்மின்னூட்டம் வெளியே தெரிகிறது, பள்ளத்தில் எதிர்மின்னூட்டம் தங்குகிறது. முதல் இரட்டை அடுக்குக்கு எதிர்த்திசையில் அமைந்த இந்த ஏற்பாடு தடையைத் தாழ்த்துகிறது. பரப்பு எவ்வளவு கரடாக இருக்கிறதோ அவ்வளவு தாழ்வு.

தாமிரத்திலும் இதே ஒழுங்கைக் காணலாம்: 111 முகத்துக்கு 4.94, 100 முகத்துக்கு 4.59, 110 முகத்துக்கு 4.48 எலக்ட்ரான் வோல்ட். (டங்ஸ்டனின் வரிசை இங்கே தலைகீழாகிவிட்டதே என்று குழம்ப வேண்டாம், தாமிரத்தின் முகமைய கனசதுர அமைப்பில், அதாவது கனசதுரத்தின் மூலைகளிலும் ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் அணுக்கள் உள்ள அமைப்பில், 111 முகம்தான் மிக நெருக்கமானது.) சமதளமான ஒரு முகத்தைச் சற்றே சாய்வாக வெட்டி, ஓரணு உயரமுள்ள படிகளை உண்டாக்கினால், படிகள் பெருகப் பெருக வெளியேற்று ஆற்றல் ஏறக்குறைய நேர்விகிதத்தில் குறைந்துகொண்டே வருவதும் இந்த விளக்கத்தோடு ஒத்துப்போகிறது. அலுமினியம் மட்டும் இந்த ஒழுங்குக்கு அடங்காத பிள்ளை. அங்கே மிக நெருக்கமான 111 முகம் மிக உயர்ந்த மதிப்பைத் தெளிவாகத் தருவதில்லை.

இங்கே கூர்ந்து படிப்பவர் ஒரு கேள்வி கேட்கலாம். 4.47 எலக்ட்ரான் வோல்ட் செலவழித்து 111 முகத்தின் வழியாக ஓர் எலக்ட்ரானை வெளியே எடுத்து, சுற்றிக் கொண்டுபோய் 110 முகத்தின் வழியாக உள்ளே விட்டால் 5.25 திரும்பக் கிடைக்குமே, ஒவ்வொரு சுற்றுக்கும் 0.78 இலாபமா? இல்லை. இரண்டு முகங்களுக்கும் வெளியே உள்ள வெற்றிடம் ஒரே மின்னழுத்தத்தில் இல்லை. 110 முகத்தின் வாசலில் எலக்ட்ரானின் ஆற்றல் 0.78 எலக்ட்ரான் வோல்ட் அதிகம். அங்கே கொண்டுசேர்க்க அதே அளவு வேலை செய்தாக வேண்டும். கணக்கு நேராகிவிடுகிறது. ஆக, மின்கலம் எதிலும் இணைக்காத உலோகத் துண்டின் முகங்களுக்கு இடையிலும் வெளியே ஒரு மின்புலம் நிலவுகிறது. இந்தத் திட்டுப் புலங்கள் வெறும் ஏட்டுச் சங்கதி அல்ல. பொதுச் சார்பியலைச் சோதிக்க 2004-இல் ஏவப்பட்ட கிராவிட்டி புரோப் பி செயற்கைக்கோளில், நயோபியம் பூசிய குவார்ட்ஸ் உருண்டைகளின் சுழற்சியை இத்தகைய மின்னழுத்தத் திட்டுகள் தொந்தரவு செய்தன. அவற்றின் விளைவைப் பிரித்தெடுத்து இறுதி முடிவை வெளியிட 2011 ஆகிவிட்டது.

முகங்களின் வேறுபாட்டைக் கண்ணால் பார்க்கவும் வழி உண்டு. 1936-இல் எர்வின் முல்லர் உருவாக்கிய புல உமிழ்வு நுண்ணோக்கியில் வில்லைகளே கிடையாது. காற்று நீக்கிய கண்ணாடிக் குமிழின் நடுவே டங்ஸ்டன் ஊசி ஒன்று; அதன் முனையின் ஆரம் சுமார் 100 நானோமீட்டர். எதிரே ஒளிர்திரை. சில ஆயிரம் வோல்ட் கொடுத்தால் முனையில் நானோமீட்டருக்குச் சில வோல்ட் அளவுக்கு மின்புலம் எழுகிறது. எலக்ட்ரான்கள் சூடேறாமலேயே குவாண்டம் ஊடுருவலால், அதாவது ஏறித் தாண்டப் போதிய ஆற்றல் இல்லாமலேயே, தடையைக் கடந்து நேராகத் திரைக்குப் பாய்கின்றன. உருண்டையான முனையில் எல்லா முகங்களும் அடுத்தடுத்து இருப்பதால் படிகத்தின் வரைபடமே திரையில் விழுகிறது. இழுத்து நீட்டப்பட்ட டங்ஸ்டன் கம்பியில் படிகங்கள் 110 திசையிலேயே அச்சோடு ஒழுங்குபடும். ஆகவே திரையின் நடுவில் 110 முகம் கரிய வட்டமாகவும், 111, 310 போன்ற கரடான முகங்கள் சுற்றிலும் ஒளித்திட்டுகளாகவும் தெரிகின்றன. வட்டத்தின் கருமை முழுவதையும் வெளியேற்று ஆற்றலின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. சமதளமான முகத்தின் மீது மின்புலமும் சற்றுத் தளர்ந்திருக்கும்.

இன்றைய எலக்ட்ரான் நுண்ணோக்கிகள் இந்த வேறுபாட்டை நம்பியே இயங்குகின்றன. அவற்றில் எலக்ட்ரான் கற்றையை உண்டாக்கும் பகுதிக்குத் துப்பாக்கி என்று பெயர். சூடாக்காத வகைத் துப்பாக்கிகளில் 310 முகத்தை முன்னோக்கி வைத்த டங்ஸ்டன் முனை பெரிதும் பயன்படுகிறது. சூடாக்கி இயக்கும் ஷாட்கி வகையில், சுமார் 1800 கெல்வினில் வைக்கப்படும் 100 திசை ஒற்றைப் படிக ஊசியின் மீது சிர்கோனியம் ஆக்சைடு பரவவிடப்படுகிறது. அந்தப் பூச்சு 100 முகத்தின் வெளியேற்று ஆற்றலைக் குறிப்பாகத் தேர்ந்து, ஏறக்குறைய 2.9 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு இறக்கிவிடுகிறது. பக்கவாட்டு முகங்கள் அந்த அளவுக்கு இறங்குவதில்லை. எனவே எலக்ட்ரான்கள் நான்கு பக்கமும் சிதறாமல், ஊசியின் நுனியில் உள்ள அந்த ஒரு சிறு முகத்திலிருந்தே பெரும்பாலும் புறப்பட்டு மெல்லிய கற்றையாகச் செல்கின்றன.