எம்.சி.பி.யைப் பெரிதாக்கும் முன் கம்பியைப் பாருங்கள்

"அடிக்கடி டிரிப் ஆகிறது, 20 ஆம்பியர் எம்.சி.பி.யை எடுத்துவிட்டு 32 போட்டுவிடுங்கள்" என்பது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் மின்பணி செய்யும் எங்களிடம் பலர் வைக்கும் வேண்டுகோள். மின்னோட்டம் அளவு மீறினால் தானாகவே டிரிப் ஆகி இணைப்பைத் துண்டிக்கும் எம்.சி.பி. முதலில் காப்பது சாதனத்தை அன்று, சுவருக்குள் ஓடும் கம்பியை. ஆகவே கம்பியின் குறுக்குப் பரப்பை அறியாமல் நான் இதற்கு உடன்படுவதில்லை.

பி.வி.சி. காப்பிட்ட செப்புக் கம்பிகள், சுவரில் பொருத்திய குழாய்க்குள் ஒரே மின்சுற்றாக, 30 டிகிரி செல்சியஸ் சூழலில் செல்லும்போது, 1.5 சதுர மில்லிமீட்டர் அளவு ஏறத்தாழ 17.5 ஆம்பியரும், 2.5 அளவு 24 ஆம்பியரும், 4 அளவு 32 ஆம்பியரும், 6 அளவு 41 ஆம்பியரும் தாங்கும். 1.5 அளவிலிருந்து 6 அளவுக்குப் பரப்பு நான்கு மடங்காகிறது. தாங்குதிறனோ இரண்டரை மடங்கைக்கூட எட்டவில்லை. வெப்பம் வெளியேறும் மேற்பரப்பு அதே விகிதத்தில் கூடாததே காரணம்.

இந்த எண்களும் எங்கும் அப்படியே பொருந்துவன அல்ல. காற்றோட்டமற்ற பொய்க்கூரைக்கு மேல் 40 டிகிரி நிலவினால் 0.87 ஆலும், ஒரே குழாயில் மூன்று சுற்றுகளைத் திணித்தால் 0.70 ஆலும் பெருக்க வேண்டும். அப்போது 24 ஆம்பியர் கம்பி 14.6 ஆம்பியருக்கே உரியதாகிவிடுகிறது. குழாய் மிச்சம் பிடிக்கும் ஒப்பந்தக்காரர்கள் இந்தக் கணக்கைப் போடுவதாகத் தெரியவில்லை.

இதே 2.5 கம்பியில் 32 ஆம்பியர் எம்.சி.பி. பொருத்தினால், 36 ஆம்பியர் ஓடினாலும் அது ஒரு மணி நேரத்துக்கு மேல் டிரிப் ஆகாமல் நிற்கலாம். வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கேற்ப உயர்வதால், 24 ஆம்பியரில் எழும் வெப்பத்தைப் போல 2.25 மடங்கு அதில் எழும். 70 டிகிரிக்கென வடிவமைத்த காப்புறை அதைப் பொறுக்காது. (பிளக் பாயிண்டுகளுக்கான, இரு முனைகளும் மின்பெட்டிக்கே திரும்பும் வளையச் சுற்றில் 2.5 கம்பிக்கு 32 ஆம்பியர் அனுமதிக்கப்படுவது, மின்னோட்டம் இரு வழியாகப் பிரிவதால்தான்.)

இணையத்தில் வாங்கும் நீட்டிப்பு வயர்களில் சிக்கல் வேறு. கம்பியின் தடிமனை எண்ணால் குறிக்கும் அமெரிக்க ஏ.டபிள்யூ.ஜி. முறையில் எண் கூடக் கூடக் கம்பி மெலியும்: 18 என்பது 0.82 சதுர மில்லிமீட்டர், 14 என்பது 2.08. நம் 13 ஆம்பியர் பிளக்குடன் கூடிய நீட்டிப்புக்குக் குறைந்தது 1.25 தேவை.

சமையலறையைப் புதுப்பிப்போர், 7 கிலோவாட் இண்டக்‌ஷன் அடுப்பு 230 வோல்ட்டில் 30 ஆம்பியருக்கு மேல் இழுக்கும் என்பதை, டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் சொல்லி, தனிச் சுற்றாக 6 சதுர மில்லிமீட்டர் கம்பி இழுக்கச் செய்வது நல்லது.