ஓடும்வரை குளிராது

என் மகளுக்கு நான்கு வயது. ஒரு மழை நாளில், பூங்காவில் தேங்கியிருந்த தண்ணீரில் அரை மணி நேரம் குதித்தாள். சொட்டச் சொட்ட நனைந்த பிறகும் சிரிப்பு ஓயவில்லை. அப்புறம் ஒரு நத்தை கண்ணில் பட்டது. குத்தவைத்து உட்கார்ந்து, அது கொம்பை நீட்டுவதையும் உள்ளிழுப்பதையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். பத்தே நிமிடம்தான். உதடு நீலம் பாரித்து, பற்கள் தந்தியடிக்கத் தொடங்கிவிட்டன. இத்தனைக்கும் மழை அதற்குள் வெறும் தூறலாகிவிட்டிருந்தது. கொட்டும் மழையில் குளிராதவளுக்கு, மழை ஓயும் நேரத்தில் எப்படிக் குளிரெடுத்தது?

உடல் வெப்பத்துக்கும் வரவு செலவு உண்டு. முதலில் வரவைப் பார்ப்போம். 15 கிலோ எடையுள்ள ஒரு பிள்ளையின் உடல், சும்மா இருக்கும்போது ஏறத்தாழ 40 வாட் வெப்பத்தை உண்டாக்குகிறது. பழைய குண்டு பல்பு ஒன்றின் அளவு என்று வைத்துக்கொள்ளலாம். ஓடிக் குதிக்கும்போது தசைகள் வேலை செய்வதால் இது மூன்று நான்கு மடங்காகிவிடும். உட்கார்ந்த சில நிமிடங்களில் மறுபடி அந்த ஒற்றை பல்புதான்.

செலவு அப்படிக் குறைவதில்லை. நனைந்த பருத்திச் சட்டையும் கால்சட்டையும் சேர்ந்து 100 மில்லி தண்ணீரை எளிதாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 2,400 ஜூல் வெப்பம் வேண்டும். 100 கிராமுக்கு 2,40,000 ஜூல். அசையாமல் இருக்கும் என் மகளின் உடல் இவ்வளவு வெப்பத்தை உண்டாக்க ஒரு மணி நாற்பது நிமிடம் ஆகும். இதில் ஒரு பகுதியைச் சுற்றியுள்ள காற்று கொடுத்துவிடுகிறது என்பது உண்மைதான். ஆனாலும் சட்டை ஒட்டிக்கொண்டிருப்பது தோலோடு அல்லவா? பெரும்பங்கை அங்கிருந்துதான் உறிஞ்சும்.

ஆவியாகாமல் வெறுமனே ஈரமாக இருப்பதும் நட்டம்தான். துணி நமக்குக் கதகதப்பைத் தருவது நூலால் அன்று, நூல்களுக்கு இடையே சிக்கியிருக்கும் காற்றால். காற்று வெப்பத்தைக் கடத்துவதில் மகா சோம்பேறி. தண்ணீரோ அதைப்போல ஏறத்தாழ 25 மடங்கு வேகமாகக் கடத்தும். பருத்தி நனைந்தால் அந்தக் காற்று இருந்த இடமெல்லாம் தண்ணீர் புகுந்து, துணி தோலில் அப்பிக்கொள்ளும். கம்பளி இழை சுருள்சுருளாக இருப்பதால் நனைந்தாலும் அவ்வளவாகப் படிந்துபோகாது. கொஞ்சம் காற்றைத் தக்கவைத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் இழை தனக்குள் தண்ணீரை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை, அதனால் சீக்கிரம் காய்ந்துவிடும். மழையில் விளையாடப் போகும் பிள்ளைக்கு உள்சட்டையாகப் பருத்தியைப் போட்டுவிடுவது, என்னைக் கேட்டால், குடையை மறப்பதைவிடப் பெரிய தவறு.

இதோடு காற்றும் வீசினால், தோலை ஒட்டிப் போர்வைபோல் நிற்கும் மெல்லிய வெப்பக் காற்றுப் படலத்தையும் வாரிக்கொண்டு போய்விடும். 10, 15 டிகிரி வெயிலற்ற நாளில்கூட நனைந்த பிள்ளையின் உடல்வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். பனி பெய்ய வேண்டியதில்லை.

அதே மழையில் நானும்தான் நனைந்தேன், எனக்கு ஏன் நடுங்கவில்லை? ஒரு டம்ளர் வெந்நீர், அண்டா வெந்நீரைவிடச் சீக்கிரம் ஆறிவிடும் அல்லவா, அதே கதைதான். உடல் சிறியதாக ஆக, எடையோடு ஒப்பிடும்போது தோலின் பரப்பு கூடிவிடுகிறது. நான்கு வயதுப் பிள்ளைக்குக் கிலோ ஒன்றுக்கு இருக்கும் தோல், பெரியவர்களுக்கு இருப்பதைப்போல ஒன்றரை மடங்குக்கும் மேல். பச்சிளங்குழந்தைக்கு இன்னும் அதிகம். அதற்குச் சரியாக நடுங்கி வெப்பம் உண்டாக்கவும் வராது. தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துத் தள்ளிக்கொண்டு நடப்பவருக்கு வியர்க்கும். அசையாமல் படுத்திருக்கும் குழந்தைக்குக் குளிரும். நம் உடம்பை வைத்து அதன் குளிரை மதிப்பிட முடியாது. பிடரியில் கையை வைத்துப் பாருங்கள். கையும் காலும் சில்லென்று இருப்பது சாதாரணம். பிடரியோ மார்போ சில்லிட்டிருந்தால் உள்ளே தூக்கிக்கொண்டு போக வேண்டிய நேரம் வந்துவிட்டது.

“மழையில் நனைந்தால் சளி பிடிக்கும்” என்று பெரியவர்கள் அவசர அவசரமாகத் தலை துவட்டுவார்கள். சளியைக் கொண்டுவருவது வைரஸ். அது மழைத்துளியில் வருவதில்லை, இன்னொரு மனிதரிடமிருந்து வருகிறது. ஆனால் துவட்டுவது மட்டும் நூற்றுக்கு நூறு சரி. குழந்தைகளின் மொத்தத் தோல் பரப்பில் தலையின் பங்கு நம்முடையதைவிட அதிகம். தண்ணீரைத் தேக்கிக்கொண்டு நிற்கும் முடியும் அங்கேதான் இருக்கிறது.

ரெயின்கோட்டை முழுக்க நம்புவதற்கில்லை. காற்றுப் புகாத பிளாஸ்டிக் கோட்டு மழையை வெளியே நிறுத்துவதுபோல வியர்வையை உள்ளே நிறுத்திவிடும். அரை மணி நேர ஓட்டத்துக்குப் பின் கழற்றிப் பார்த்தால் உள்சட்டை நனைந்திருக்கும்.

இடி விஷயத்தில் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ 3 விநாடி பிடிக்கும். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடிக்குக் குறைவாக இருந்தால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்று பொருள். மரத்தடியில் ஒதுங்காமல் கட்டடத்துக்குள்ளோ மூடிய காருக்குள்ளோ போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்து வெளியே வரலாம்.

அன்று நத்தையை விட்டு அவளைப் பிரித்துக் கூட்டி வருவதற்குள் பெரும் அழுகை. அடுத்த மழைக்குப் பையில் ஒரு துண்டும், நெகிழிப் பையில் சுற்றிய மாற்று உடையும் கொண்டுபோனேன். குதித்துக் களைத்து அவள் எதையோ உற்றுப் பார்க்கக் குனிந்ததும், பூங்காவின் கூரைக்கடியில் தூக்கிப்போய் ஈரச் சட்டையைக் கழற்றி, தலையைத் துவட்டி, காய்ந்ததை மாட்டிவிட்டேன். இரண்டு நிமிட வேலை. இம்முறை மண்புழு. இருபது நிமிடத்துக்கும் மேல் உட்கார்ந்து பார்த்தாள், பல் தந்தியடிக்கவில்லை.