மதிப்பெண்ணைக் கூட்டினால் ஆய்வின் தரம் தெரியாது

மருத்துவ மேற்படிப்பு மாணவர்கள் சிஸ்டமேட்டிக் ரிவ்யூ (ஒரு கேள்வியைப் பற்றிய ஆய்வுகளையெல்லாம் முறையாகத் திரட்டி அலசும் கட்டுரை) எழுதிக் கொண்டுவந்தால் முதலில் தர மதிப்பீட்டு அட்டவணையைத்தான் தேடுவேன். பெரும்பாலும் ஒவ்வோர் ஆய்வுக்கும் எதிரே 5-க்கு 3, 5-க்கு 4 என்று ஜடாட் மதிப்பெண் (சில கேள்விகளைக் கேட்டு ஆய்வின் தரத்துக்குப் புள்ளி போடும் ஓர் அளவுகோல்) இருக்கும். 3-ம் அதற்கு மேலும் வாங்கியவை எல்லாம் தரமான ஆய்வுகள் என்று கீழே ஒரு வரி. அவ்வளவுதான். அந்த ஒரு வரியை நம்பித்தான் எங்கோ ஒரு டாக்டர் மருந்துச் சீட்டு எழுதப்போகிறார். அதனால்தான் இதை விரிவாகச் சொல்கிறேன்.

1999-இல் ஆய்வாளர் பீட்டர் யூனியும் சகாக்களும் செய்த ஒரு வேலையை நான் எல்லா வகுப்பிலும் சொல்வதுண்டு. அறுவை சிகிச்சைக்குப் பின் ரத்தம் உறைவதைத் தடுக்க ஹெப்பாரின் மருந்தின் பழைய, புதிய வகைகளை ஒப்பிட்ட 17 ஆய்வுகளை எடுத்து, அப்போது புழக்கத்தில் இருந்த 25 தர அளவுகோல்களாலும் மதிப்பிட்டார்கள். சில அளவுகோல்களின்படி உயர்தர ஆய்வுகளைப் பிரித்தெடுத்தால் புதிய வகை ஹெப்பாரின் மேல் என்று வந்தது. வேறு சிலவற்றின்படி பிரித்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. ஆய்வுகள் அதே 17-தான். அளவுகோல் மாறியதும் பதில் மாறிவிட்டது.

காரணம், எல்லாக் குறைகளும் ஒரே எடை கொண்டவை அல்ல. ஜடாட் அளவுகோல் கேட்கவே கேட்காத ஒரு விஷயத்தைப் பாருங்கள்: அடுத்து வரும் நோயாளிக்கு எந்த மருந்து என்பது அவரைச் சேர்ப்பவருக்கு முன்கூட்டியே தெரியுமா? யாருக்கு எந்த மருந்து என்ற குலுக்கல் சரியாக நடந்திருக்கலாம். ஆனால் அந்தச் சீட்டை வைத்து ஒட்டிய உறையை வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே இருப்பது தெரியும் என்றால், நிலைமை மோசமாக இருப்பவரை இந்தச் சீட்டில் வேண்டாம், அப்புறம் சேர்க்கலாம் என்று டாக்டர் தள்ளிவைக்க முடியும். நோயாளி மேல் இருக்கும் இரக்கத்தாலேயே இது நடக்கும். 1995-இல் கென்னத் ஷுல்ஸ் குழு 250 ஆய்வுகளை அலசியது. இந்த மறைப்பு சரியில்லாத ஆய்வுகள், ஆட்ஸ் விகிதக் கணக்கில் (ஒரு விளைவு நேரும் வாய்ப்பை இரண்டு குழுக்களிலும் ஒப்பிடும் கணக்கு), சிகிச்சையின் பலனைச் சராசரியாக 41% மிகைப்படுத்தியிருந்தன. மற்ற கேள்விகளில் வாங்கிய மதிப்பெண்ணால் இதை ஈடுகட்ட முடியாது. ஆய்வுகளை மதிப்பிட காக்ரேன் அமைப்பு தரும் கருவியின், 2019-இல் வந்த புதிய வடிவத்தில் மொத்த மதிப்பெண்ணே கிடையாது. ஐந்து பகுதிகளையும் தனித்தனியே பார்க்க வேண்டும். ஒன்றில், ஆய்வு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும் ஆபத்து அதிகம் என்றால் மொத்த முடிவும் அதேதான்.

இதெல்லாம் ஆய்வு உண்மையில் நடந்தது என்ற நம்பிக்கையில் கேட்கும் கேள்விகள். அந்த நம்பிக்கையே ஆட்டம் கண்டது கொரோனா காலத்தில். எகிப்திலிருந்து 2020 நவம்பரில் வெளியான ஒரு முன்பதிப்பு (மற்ற நிபுணர்கள் சரிபார்க்கும் முன்பே வெளியிடப்படும் கட்டுரை), கொரோனா நோயாளிகளுக்கு ஐவர்மெக்டின் என்ற புழுக்கொல்லி மருந்தைக் கொடுத்தால் இறப்பு 90% குறையும் என்றது. அதைச் சேர்த்துக்கொண்ட மெட்டா அனாலிசிஸ்கள் (பல ஆய்வுகளின் எண்களைச் சேர்த்துப் போடும் கணக்குகள்) மருந்துக்குச் சாதகமாக வந்தன. 2021 ஜூலையில் லண்டன் மாணவர் ஜாக் லாரன்ஸ் மூலத் தரவைத் தோண்டியபோது, நகலெடுத்ததுபோல் ஒரே மாதிரியான நோயாளிப் பதிவுகளும், ஆய்வு தொடங்கும் முன்பே இறந்தவர்களின் பதிவுகளும் இருப்பது வெளியே வந்தது. முன்பதிப்பு திரும்பப் பெறப்பட்டது. நம்பகமற்ற ஆய்வுகளை நீக்கி மறுபடி கணக்குப் போட்டபோது, இறப்பைக் குறைக்கும் என்ற பலனும் மறைந்தது. அதற்குள் கோவா அரசு 18 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் அந்த மாத்திரை தருவதாக அறிவித்துவிட்டிருந்தது. தேசிய சிகிச்சை நெறிமுறையிலிருந்து அது நீங்கியது 2021 செப்டம்பரில்தான்.

என் மாணவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கட்டுரையோடு ஆய்வின் பதிவையும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். இந்திய ஆய்வு என்றால் சிடிஆர்ஐ (மருத்துவ ஆய்வுகளுக்கான இந்தியப் பதிவேடு) தளத்தில் இருக்கும். முதன்மை விளைவு (ஆய்வு முக்கியமாக அளக்கப்போவது) என்று அங்கே சொன்னதும் கட்டுரையில் இருப்பதும் ஒன்றா, நோயாளிகளைச் சேர்த்த பின் பதிவு செய்தார்களா என்று பாருங்கள். இரண்டு பேர் தனித்தனியாக மதிப்பிட்டு, பிறகு உட்கார்ந்து பேசுங்கள். சந்தேகமான ஆய்வைச் சேர்த்து ஒருமுறை, விட்டுவிட்டு ஒருமுறை கணக்கிட்டு இரண்டையும் வெளியிடுங்கள். விவரம் இல்லையென்றால் ஆசிரியருக்கு எழுதிக் கேளுங்கள். பதில் வராவிட்டால் அதையும் அட்டவணையில் குறியுங்கள். பெரிய ஜர்னல் என்பதற்காக மட்டும் ‘ஆபத்து குறைவு’ என்று போடாதீர்கள்.