ஒபாட்ஸ்டா: பிசைந்த அன்றே தீர வேண்டிய பாலாடைக்கட்டி

ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் உள்ள உணவகங்களின் சமையலறைகளைத் தணிக்கை செய்வது என் தொழில். கோடைக்காலத்தில் எந்தச் சமையலறைக்குள் நுழைந்தாலும் குளிர்பெட்டியில் நான் முதலில் தேடுவது ஒபாட்ஸ்டா இருக்கும் பாத்திரத்தைத்தான். சென்ற ஆண்டு ஓரிடத்தில் அதன் மூடியைத் திறந்தபோது, வெளிர் ஆரஞ்சு நிற விழுதின் ஓரமெங்கும் வெங்காயத் தண்ணீர் விட்டு நின்றது. அம்மோனியா நெடி மூக்கில் ஏறியது. எப்போது பிசைந்தது என்று கேட்டேன். நான்கு நாளாகிறது என்றார் அங்கிருந்த இளைஞர். இந்த உணவு எப்படிப் பிறந்தது என்பதை யாரேனும் அவருக்குச் சொல்லியிருந்தால், அவர் அதை இரண்டாம் நாளே கொட்டியிருப்பார் என்று நம்புகிறேன்.

ஒபாட்ஸ்டா என்ற பவேரிய வழக்குச் சொல்லுக்குப் 'பிசைந்தது' என்பதே பொருள். அளவுக்கு மீறிப் பழுத்து, துண்டு போட முடியாதபடி இளகிவிட்ட கமம்பெர் என்ற, வெண்பூஞ்சைத் தோல் படர்ந்த மென்மையான பாலாடைக்கட்டியை வீணாக்க மனமில்லாமல், வெண்ணெய், காரமில்லாத சிவப்பு மிளகாய்ப் பொடி, சீமைச் சீரகம், ஒரு வாய் பீர் ஆகியவற்றோடு முள்கரண்டியால் மசித்துப் பரிமாறிய சிக்கனத்தில் உருவானது இது. ஃப்ரைசிங் நகரின் வைன்ஸ்டெஃபான் மதுவிடுதியை நடத்திவந்த கத்தரீனா ஐசன்ரைஷ் என்ற அம்மையார், 1920களில் முற்பகலில் பீர் அருந்த வருவோருக்கு இதைப் பரிமாறிப் புகழ்பெறச் செய்தார். மதுவடிப்போர் தம் நிலவறைகளிலேயே பீர் விற்கலாம், ஆனால் ரொட்டி தவிர வேறு உணவு விற்கக் கூடாது என்று மன்னர் முதலாம் மாக்ஸிமிலியன் யோசஃப் 1812இல் ஆணையிட்டதால், வீட்டிலிருந்தே உணவு கட்டிக்கொண்டு, திறந்தவெளியில் பீர் அருந்தும் இடங்களான பீர்த் தோட்டங்களுக்குப் போகும் பழக்கம் அங்கே வேரூன்றியது. பிரெட்ஸல் ரொட்டியோடும் முள்ளங்கியோடும் அந்தக் கூடைகளில் ஒபாட்ஸ்டாவுக்கு இன்றும் இடமுண்டு. 2015இல் ஐரோப்பிய ஒன்றியம் இதற்குப் புவிசார் பாதுகாப்பு வழங்கியது. மொத்தத்தில் பாதிக்குக் குறையாமல் பாலாடைக்கட்டி இருக்க வேண்டும், மொத்தத்தில் 40 சதவீதமாவது கமம்பெரோ அதைப் போன்ற பிரீ பாலாடைக்கட்டியோ ஆக வேண்டும் என்பது விதி.

பழுத்த கமம்பெர் என்பதுதான் இதன் சுவைக்குக் காரணம், என் கவலைக்கும் அதுவே காரணம். புதிதாக உறைந்த கமம்பெரின் அமிலத்தன்மை பி.எச். 4.6 அளவில் இருக்கும் (இந்த எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்). அந்தப் புளிப்பு கிருமிகளுக்கு ஒரு வேலி. மேலே படரும் வெண்பூஞ்சை அந்த அமிலத்தைத் தின்று புரதத்தைச் சிதைத்துக்கொண்டே போவதால், நன்கு பழுத்த கட்டியின் மேற்புறத்தில் பி.எச். 7 வரை உயர்ந்து, வேலி இல்லாமற் போகிறது. அதோடு, கையாலும் கரண்டியாலும் கலக்கும்போது மேல்தோலில் மட்டும் இருந்த கிருமி விழுது முழுவதும் பரவிவிடுகிறது. லிஸ்டீரியா என்ற கிருமி குளிர்பெட்டியின் குளிரிலும் மெதுவாகப் பெருகக்கூடியது. பாலைச் சூடாக்கிக் கிருமி நீக்கியிருந்தாலும், பின்னர் சமையலறைப் பலகையிலிருந்தோ கத்தியிலிருந்தோ அது வந்து சேரலாம். நோய்க்குறி தோன்ற 70 நாள் வரை ஆகலாம் என்பதால், அன்று தின்ற உணவை யாரும் சந்தேகிப்பதே இல்லை. கருவுற்ற பெண்களுக்கு இது கருச்சிதைவு வரை கொண்டுபோகலாம். ஆகவே அவர்களும், முதியவர்களும், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களும் கடை முகப்பில் திறந்து வைத்திருக்கும் ஒபாட்ஸ்டாவைத் தவிர்ப்பதே நல்லது என்று என்னிடம் கேட்கும் எல்லோருக்கும் சொல்கிறேன்.

வெங்காயத்தைப் பற்றி ஒரு சொல். நறுக்கிக் கலந்த பச்சை வெங்காயம் சில மணி நேரத்திலேயே விழுதைக் கசக்க வைத்துவிடும். பழைய சமையற்காரர்கள் அதைப் பரிமாறும்போது மட்டும் வளையங்களாக மேலே போடுவதற்கு இதுவே காரணம். அந்த இளைஞரிடமும் இதைச் செய்துகாட்டினேன். ஒரு வேளைக்குத் தேவையான அளவு கமம்பெரை மட்டும் எடுத்து மசித்து, சிறு கிண்ணத்தில் வைத்து, தேதியையும் நேரத்தையும் எழுதி ஒட்டினோம். மீதிக் கட்டியை உறையோடு குளிர்பெட்டிக்குள் திருப்பி வைத்தார். வெங்காயத்தை இன்னும் நறுக்கவில்லை.