மூன்று சேவையகங்கள், ஒரு சேமிப்பகம்: செஃப் இயங்கும் விதமும் நிறுவப்படும் விதமும்

வெள்ளவத்தையில் இயங்கும் ஒரு பதிப்பகத்தை எடுத்துக்கொள்வோம். பழைய நூல்களையும் சஞ்சிகைகளையும் வருடி எடுத்த படங்கள், அச்சுக்குத் தயாரான கோப்புகள், ஒலிப்பதிவுகள் என அதன் தரவு ஆண்டுதோறும் பெருகுகிறது. ஒரு சேவையகத்தின் வன்தட்டுகள் நிரம்பியதும் இன்னொன்று, அதுவும் நிரம்பியதும் மூன்றாவது என்று வாங்கிக்கொண்டே போனால், எந்தக் கோப்பு எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பது சில ஆண்டுகளில் யாரோ ஒருவருடைய ஞாபகத்தில் மட்டுமே தங்கியிருக்கும். பெட்டி ஒன்று பழுதானால் அதிலிருந்தவை அதோடு போய்விடும். பல சேவையகங்களின் வன்தட்டுகளைக் கொத்தாக ஒன்றுசேர்த்து, பயன்படுத்துபவருக்கு ஒரே சேமிப்பகமாகக் காட்டும் கொத்துச் சேமிப்பு மென்பொருள்கள் இவ்விரு சிக்கல்களுக்காகவே உருவானவை. அவற்றுள் லினக்ஸ் இயங்குதளத்தில் பரவலாகப் பயன்படும் செஃப் எவ்வாறு இயங்குகிறது, அதை நிறுவுபவர் ஏன் சில வேலைகளைக் குறிப்பிட்ட விதத்தில் செய்ய வேண்டியிருக்கிறது என்பதை இங்கே பார்க்கலாம்.

கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சாந்தா குரூஸ் வளாகத்தில் சேஜ் வைல் தம் முனைவர் பட்ட ஆய்வின்போது உருவாக்கிய இம்மென்பொருளைப் பற்றிய கட்டுரை 2006 இல் வெளிவந்தது. 2010 இல் அதன் ஒரு பகுதி லினக்ஸின் மையப் பகுதியான கருனியிலேயே சேர்க்கப்பட்டது. 2014 இல், அதை வளர்த்துவந்த இங்க்டாங்க் நிறுவனத்தை ரெட் ஹாட் வாங்கியது. ஜெனீவா அருகிலுள்ள சேர்ன் ஆய்வு மையம் போன்ற பெரிய இடங்களில் பயன்படும் அதே மென்பொருளைத்தான் மூன்று பெட்டிகள் வைத்திருக்கும் ஒரு பதிப்பகமும் கட்டணமின்றி இறக்கிப் பயன்படுத்த முடியும். மூலநிரல் திறந்தே இருக்கிறது.

ஒரு கோப்பு எங்கே இருக்கிறது என்பதை அறிய, அதை ஒரு மையப் பட்டியலில் எழுதிவைப்பதுதான் எவருக்கும் முதலில் தோன்றும் வழி. ஆனால் ஒவ்வொரு முறையும் எல்லாரும் அந்தப் பட்டியலைக் கேட்க வேண்டியிருப்பதால் வேகம் அங்கே தடைப்படும். பட்டியல் இருக்கும் சேவையகம் நின்றுவிட்டால் தரவு முழுவதும் பத்திரமாக இருந்தும் எதையும் எடுக்க முடியாது. செஃப் தரவுத் துண்டுகளின் இருப்பிடத்துக்கு இத்தகைய பட்டியலை வைத்துக்கொள்வதே இல்லை. இடத்தைக் கணக்கிட்டே கண்டுபிடிக்கிறது. செஃப் வழங்கும் மெய்நிகர் வட்டில், அதாவது கணினிக்கு உண்மையான வட்டுபோலவே தோன்றும் சேமிப்பிடத்தில், எழுதப்படுபவை இயல்பாக 4 மெகாபைட் துண்டுகளாகப் பிரிக்கப்படுகின்றன. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை, எந்தப் பெயரையும் எண்ணாக மாற்றித்தரும் ஹாஷ் சார்பு ஒன்றில் இட்டால் ஓர் எண் கிடைக்கிறது. அந்த எண் துண்டை ஒரு குழுவில் சேர்க்கிறது. நிர்வாகிகள் பி.ஜி. என்று சுருக்கமாகச் சொல்லும் அந்தக் குழுவின் எண்ணையும், எந்தச் சேவையகத்தில் எந்த வன்தட்டு இருக்கிறது என்று காட்டும் வரைபடத்தையும் கிரஷ் என்னும் வழிமுறையிடம் கொடுத்தால், அத்துண்டின் மூன்று பிரதிகளும் இருக்க வேண்டிய மூன்று வன்தட்டுகளை அது சொல்லிவிடும். ஒரே வரைபடத்தை வைத்திருக்கும் எந்தக் கணினி இக்கணக்கைச் செய்தாலும் விடை ஒன்றுதான். ஆகவே, தரவைக் கேட்கும் கணினி தானே கணக்கிட்டு உரிய வன்தட்டைக் கவனிக்கும் நிரலிடம், அதாவது ஓ.எஸ்.டி. எனப்படுவதிடம், நேரடியாகப் போய்விடுகிறது.

இதே கணக்கு விரிவாக்கத்தின்போதும் உதவுகிறது. மூன்று சேவையகங்களோடு அதே அளவுள்ள நான்காவதைச் சேர்த்தால் வரைபடம் மாறுகிறது, விடைகளும் மாறுகின்றன. ஆனால் எல்லா விடைகளும் மாறுவதில்லை. ஏறத்தாழக் கால்வாசித் தரவு மட்டும் புதிய பெட்டிக்கு நகர்கிறது. சாதாரண வகுத்தல்-மீதிக் கணக்கால் இடம் ஒதுக்கியிருந்தால் பெரும்பாலான துண்டுகள் இடம்மாற வேண்டியிருந்திருக்கும். வைலின் ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

எழுதும்போது நடப்பது சற்று வேறானது. மூன்று வன்தட்டுகளில் ஒன்று முதன்மையானதாகக் கொள்ளப்படும். தரவு முதலில் அதனிடம் போகிறது. அது மற்ற இரண்டுக்கும் அனுப்புகிறது. மூன்றிலும் எழுதப்பட்ட பிறகே "எழுதியாகிவிட்டது" என்ற பதில் திரும்புகிறது. அதனால் ஒரு மெகாபைட்டை எழுத வலையமைப்பில் மூன்று மெகாபைட் பயணம் செய்கிறது. ஒரு கிகாபிட் இணைப்பின் உச்ச வேகமே நொடிக்கு 125 மெகாபைட் என்பதால், பத்து கிகாபிட் சுவிட்ச் ஒன்றுக்குச் செலவழிப்பது பெரும்பாலும் இன்னும் வேகமான வன்தட்டுகளுக்குச் செலவழிப்பதைவிடப் பயனுள்ளது.

இவ்வளவும் சரியாக நடக்க, எல்லாரிடமும் இருக்கும் வரைபடம் ஒன்றேயாக இருக்க வேண்டும். அதைப் பேணுபவை மொனிட்டர் எனப்படும் சிறு நிரல்கள். அவை தரவைத் தொடுவதில்லை. எந்த வன்தட்டு உயிரோடிருக்கிறது, எது விழுந்துவிட்டது என்பதில் தமக்குள் உடன்பாடு கண்டு, அதன்படி வரைபடத்தைத் திருத்துவது மட்டுமே அவற்றின் வேலை. இங்கே ஓர் ஆபத்து உண்டு: வலையமைப்பு இரண்டாகப் பிளந்தால், இரு பக்கமும் தாமே உண்மையான கொத்து என்று எண்ணி, ஒன்றுக்கொன்று முரணாக எழுதத் தொடங்கலாம். 2018 ஒக்டோபர் 26 முதல் ஏழு வாரங்களுக்கு இலங்கையில் இருவர் பிரதமர் பதவிக்கு உரிமை கோரியதையும், அந்நாட்களில் 113 என்ற எண் கொழும்பின் தேநீர்க் கடைகளில்கூட ஒலித்ததையும் வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 225 பேர் கொண்ட சபையில் இரு தரப்புக்கும் ஒரே நேரத்தில் 113 பேர் இருக்க முடியாது என்ற அதே கணிதத்தைத்தான் மொனிட்டர்களும் நம்பியிருக்கின்றன: பாதிக்கு மேற்பட்டவை ஒன்றுகூடினால் மட்டுமே முடிவெடுக்கலாம், பெரும்பான்மை இல்லாத பக்கம் வாய்மூடி நிற்க வேண்டும். இவ்வுடன்பாட்டு வழிமுறையின் மூலவடிவத்தை லெஸ்லி லம்போர்ட் 1998 இல் வெளியிட்டபோது, பாக்சோஸ் என்னும் கிரேக்கத் தீவின் கற்பனைப் பாராளுமன்றத்தைப் பற்றிய கதையாகவே அதை எழுதியிருந்தார்.

மூன்று மொனிட்டர்களில் ஒன்று விழுந்தாலும் இரண்டு மிஞ்சும், அது பெரும்பான்மை. நான்கு வைத்தால் மூன்று தேவைப்படுவதால், அப்போதும் ஒன்றின் இழப்பைத்தான் தாங்கலாம். இரண்டு வைப்பதோ ஒன்று வைப்பதைவிட மோசமானது, ஏனெனில் எந்த ஒன்று நின்றாலும் முழுக் கொத்தும் நின்றுவிடும். இரண்டு பழைய சேவையகங்கள் சும்மா கிடக்கின்றன, அவற்றிலே செஃப் போடலாமா என்று கேட்பவர்களுக்குச் சொல்லக்கூடிய பதிலும் இதுதான்: மூன்றாவது ஒன்று கிடைக்கும்வரை பொறுத்திருங்கள்.

இப்போது நிறுவலுக்கு வருவோம். 2020 இல் வந்த பதிப்பிலிருந்து செஃப்-அட்ம் என்னும் கருவி இதைப் பெரிதும் எளிதாக்கிவிட்டது. ஒவ்வொரு சேவையகத்திலும் பைத்தான் 3 நிரல்மொழி, நிரல்களைக் கொள்கலன்கள் எனப்படும் தனித்தனிப் பொதிகளாக இயக்கும் போட்மேன் அல்லது டொக்கர், வட்டுகளின் இடத்தைப் பங்கிடும் எல்விஎம் ஆகியவையும் நேரத்தை ஒத்திசைக்கும் குரோனி போன்ற ஒரு நிரலும் முன்கூட்டியே இருக்க வேண்டும். நேரத்தை அலட்சியம் செய்யக்கூடாது: மொனிட்டர்கள் ஒன்றுக்கொன்று வழங்கும் தவணைகள் (குறித்த நேரம்வரை மட்டும் செல்லும் அனுமதிகள்) கடிகாரத்தைச் சார்ந்தவை என்பதால், 0.05 நொடிக்கு மேல் விலகினாலே எச்சரிக்கை எழும். சேவையகங்களின் பெயர்களையும் நிலையான ஐபி முகவரிகளையும் முதலிலேயே தீர்மானித்துவிடுவது நல்லது. பின்னர் முதற் சேவையகத்தில், கொத்தைத் தொடங்கிவைக்கும் பூட்ஸ்ட்ராப் கட்டளையை அதன் ஐபி முகவரியோடு கொடுத்தால், ஒரு மொனிட்டரும் நிர்வாக நிரல் ஒன்றும் கொள்கலன்களாக எழுந்து இயங்கத் தொடங்கும். உலாவியில் திறக்கும் முகப்புப் பலகை ஒன்றும், மற்றச் சேவையகங்களுக்குள் தொலைவிலிருந்து பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்எச் சாவிச் சோடி ஒன்றும் உருவாகும். அந்தப் பொதுச் சாவியை மற்ற இரு சேவையகங்களிலும் பதித்து, அவற்றைப் பெயர் சொல்லிக் கொத்தில் சேர்த்ததும், அங்கும் மொனிட்டர்களைத் தானாகவே அது நிறுவிவிடும்.

அடுத்து வன்தட்டுகள். பகிர்வுகளோ கோப்பு முறைமையோ இல்லாத, 5 கிகாபைட்டுக்கு மேற்பட்ட வெற்று வன்தட்டுகளை மட்டுமே செஃப் ஏற்றுக்கொள்ளும், ஏனெனில் 2017 முதல் அது லினக்ஸின் கோப்பு முறைமையை இடையில் வைக்காமல் நேரடியாக வட்டின்மேல் எழுதுகிறது. வேறொரு கணினியில் இருந்த வட்டில் பழைய தடயம் மிஞ்சியிருந்தால் அது பட்டியலில் தென்படும், ஆனால் கொத்தில் சேர மறுக்கும். முதன்முறை நிறுவுபவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் இடம் இது. வட்டை முழுமையாகத் துடைக்கும் கட்டளை ஒன்றே போதும், சரியான வட்டைத்தான் துடைக்கிறோமா என்று இருமுறை பார்த்துக்கொண்டால். ஒவ்வொரு ஓ.எஸ்.டி.யும் ஏறத்தாழ 4 கிகாபைட் நினைவகத்தை இலக்காகக் கொள்வதால், நான்கு வட்டுகள் உள்ள பெட்டிக்கு 32 கிகாபைட் இருந்தால் நெருக்கடி இராது.

கொள்ளளவுக் கணக்கைக் காசு கொடுப்பதற்கு முன்பே போட்டுப் பார்க்க வேண்டும். மூன்று சேவையகங்களிலும் நான்கு நான்காக 4 டெராபைட் வட்டுகள் என்றால் மொத்தம் 48 டெராபைட். மூன்று பிரதிகள் என்பதால் பயனுக்கு 16. எந்த வட்டும் 85 விழுக்காடு நிரம்பினால் எச்சரிக்கை வரும், 95 இல் எழுதுவது தடைப்படும். ஆகவே 13.6 டெராபைட் என்று திருப்திப்பட்டுவிடலாமா என்றால், அதுவும் இல்லை. ஒரு வட்டு செத்தால் அதிலிருந்தவை அதே பெட்டியின் மற்ற மூன்று வட்டுகளில் மீண்டும் உருவாக வேண்டும். மூன்றும் ஏற்கெனவே 85 விழுக்காடு நிரம்பியிருந்தால் அதற்கு இடமே இல்லை. ஒரு வட்டின் இழப்புக்குப் பிறகும் 85 ஐத் தாண்டாதிருக்க, தொடக்க நிலை 64 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். அதாவது 48 டெராபைட் வாங்கியவர் நிம்மதியாக வைத்துக்கொள்ளக்கூடியது ஏறத்தாழ 10 டெராபைட் மட்டுமே. முழுச் சேவையகம் ஒன்று போனாலோ, மூன்று பிரதிகளும் மூன்று வேறு பெட்டிகளில் இருக்க வேண்டும் என்ற விதியால், மூன்றாவது பிரதியை வைக்க இடம் கிடைக்காது. இரண்டு பிரதிகளோடு வேலை தொடரும், ஆனால் நான்காவது பெட்டி இல்லாமல் தானாகக் குணமடையாது.

அந்த விதியைப் பற்றித்தான் நிறுவுபவர் அதிக நேரம் சிந்திக்க வேண்டும். எவையெல்லாம் ஒன்றாக விழக்கூடும் என்பதை மென்பொருளால் அறிய முடியாது. பெட்டி, அடுக்கு, அறை, கட்டடம் என்று வரைபடத்தில் நாம் எழுதிக்கொடுப்பதையே அது நம்புகிறது. மூன்று சேவையகங்களும் ஒரே யுபிஎஸ்ஸில் தொங்கிக்கொண்டிருந்தால் வரைபடத்தில் அவை தனித்தனியாகத் தெரியும், மின்சாரத்துக்கோ ஒன்றுதான். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணிநேர மின்வெட்டைக் கண்ட, 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கொன்று புகுந்ததாகச் சொல்லப்பட்ட தடங்கலால் தீவு முழுவதும் இருண்டுபோன நாட்டில் இதை வெறும் கோட்பாடாக எடுத்துக்கொள்ள முடியாது. மூன்று பெட்டிகளும் ஒரே நொடியில் அணைந்தால் மூன்று பிரதிகளும் அந்தக் கணத்துக்கு உதவா. அப்போது காப்பாற்றுவது வட்டின் நேர்மை: மின்சாரம் போனாலும் கையிலுள்ளதை எழுதி முடிக்கும் மின்தேக்கிகள் கொண்ட எஸ்எஸ்டிகளே (சுழலும் தட்டு இல்லாத வட்டுகளே) சேவையகத்துக்கு ஏற்றவை. பம்பலப்பிட்டியில் யூனிட்டி பிளாசாவில் ஏறி இறங்கினால் வீட்டுக் கணினிக்கான எஸ்எஸ்டிகள் மலிவாகக் கிடைக்கும். செஃப் தான் எழுதும் ஒவ்வொன்றும் வட்டில் உறுதியாகப் பதிந்ததா என்று கேட்டுக்கொண்டே இருப்பதால், அவை இங்கே மிகவும் தடுமாறும். பன்னிரண்டு வட்டுகளையும் ஒரே தொகுதியிலிருந்து வாங்குவதும் நல்லதல்ல, ஒரே குறை எல்லாவற்றிலும் இருக்கக்கூடும்.

தரவை ஒப்படைப்பதற்கு முன் ஒரு சேவையகத்தின் மின்கம்பியை வேண்டுமென்றே பிடுங்கிப் பார்ப்பது எந்தக் கையேட்டையும்விட அதிகம் கற்பிக்கும். ஏறத்தாழ 20 நொடிகளில் மற்ற ஓ.எஸ்.டி.கள் அதன் மௌனத்தை மொனிட்டர்களிடம் முறையிடும். வட்டொன்று இப்படி 10 நிமிடம் மௌனமாக இருந்தால் அது கொத்திலிருந்து விலக்கப்பட்டு, அதன் பிரதிகளை வேறிடத்தில் உருவாக்கும் வேலை ஆரம்பிக்கும். சற்று நேரத்தில் மீண்டும் எழும் ஒரு பெட்டிக்காகத் தரவை அலையவைக்காதிருக்கவே அந்த இடைவெளி. திட்டமிட்ட பராமரிப்பின்போது இவ்விலக்கலைத் தற்காலிகமாக நிறுத்திவைக்க, கொடி எனப்படும் அமைப்பு ஒன்றும் உண்டு.

பிரதிகள் இருப்பதால் காப்புநகல் வேண்டாம் என்று முடிவெடுப்பவர்கள் பலர். தவறுதலாக அழிக்கப்பட்ட கோப்பு மூன்று இடங்களிலும் அதே நொடியில் அழிகிறது. பணயம் கேட்கும் தீநிரல் பூட்டிய கோப்பும் மூன்று இடங்களிலும் பூட்டப்படுகிறது. 2023 ஓகஸ்டில் இலங்கை அரசாங்கத்தின் மேகக் கணினித் தொகுதி அத்தகைய தாக்குதலுக்கு உள்ளானபோது, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்களுக்குக் காப்புநகல் இல்லாததால் அவை இழக்கப்பட்டன. செஃப்பின் மெய்நிகர் வட்டுகளுக்கு, அந்தக் கணத்து நிலையை உறையவைக்கும் நிழற்பதிவு எடுத்து, முந்தைய பதிவிலிருந்து மாறிய பகுதிகளை மட்டும் ஏற்றுமதி செய்ய முடியும் என்பதால், வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனையிலோ கண்டியிலோ உள்ள இன்னொரு இயந்திரத்துக்கு இரவோடிரவாக அதை அனுப்பச் சாதாரண ஃபைபர் இணைப்பே போதும். அந்த இயந்திரம் கொத்தின் உறுப்பாக இருக்கக்கூடாது. கொத்தின் நிர்வாகச் சாவியால் அதைத் திறக்க முடியாதபடி வேறு கடவுச்சொல்லோடு இருக்க வேண்டும்.