சையோனிக்ஸ்: சித்து அன்று, உளத்திறனியல்

மலையகத் தோட்டங்களில் கோடாங்கி உடுக்கையடித்து, வந்தவர் வாய் திறக்குமுன்னே அவருடைய மனக்குறையைச் சொல்லும்போது, சுற்றி அமர்ந்திருப்போர் அதற்குக் காரணம் கேட்பதில்லை. சாமி இறங்கிவிட்டது என்பதே அங்கு போதிய விளக்கம். அதே ஆற்றலை அறிவியற் புனைகதையின் பாத்திரமொன்று காட்டினால், வாசகர் 'எப்படி?' என்று கேட்கிறார். அந்தக் கேள்விக்கு விடை இருப்பதுபோன்ற தோற்றத்தைத் தருவதற்காகவே பிறந்த சொல் 'சையோனிக்ஸ்' (psionics): உள்ளத்தின் புலன்கடந்த ஆற்றல்களை ஓர் அறிவியல் துறைபோலக் குறிக்கும் பெயர்.

'சை' என்பது கிரேக்க நெடுங்கணக்கின் 23ஆம் எழுத்து. உயிரையும் உள்ளத்தையும் குறிக்கும் 'சைக்கீ' என்னும் கிரேக்கச் சொல் அவ்வெழுத்தில்தான் தொடங்குகிறது. உளவியலாளர் ராபர்ட் தௌலஸ் 1942இல் இதனைப் புலன்கடந்த ஆற்றல்கள் அனைத்துக்குமான பொதுக்குறியாக எழுத்தில் வழங்கினார். ஆவியா, அலையா, வெறும் தற்செயலா என்று எதையும் முன்கூட்டியே ஒப்புக்கொள்ளாத குறி அது. 1951இல் அறிவியற் புனைகதை எழுத்தாளர் ஜாக் வில்லியம்சன் எழுதிய கதையொன்றில் அதனுடன் 'எலக்ட்ரோனிக்ஸ்' என்பதன் வால் ஒட்டிக்கொண்டது; இதழாசிரியர் ஜோன் கேம்பல் அச்சொல்லைப் பரப்பினார். எழுத்து காத்த நடுநிலையை வால் கெடுத்துவிட்டது: இந்த ஆற்றலையும் அளக்கலாம், கருவியில் ஏற்றலாம் என்ற துணிபு சொல்லுக்குள்ளேயே புகுந்துகொண்டது.

அந்தத் துணிபுக்குப் பின்னணி இல்லாமலில்லை. டியூக் பல்கலைக்கழகத்தின் ஜே. பி. ரைன் 1934இல் வெளியிட்ட நூலில், ஐந்து குறிகள் கொண்ட 25 அட்டைகளைப் பாராமல் ஊகிக்கும் சோதனைகளை விவரித்தார். தற்செயலாக ஐந்து சரியாகலாம், அதற்கு மேற்பட்டதே கணக்கு. பிறர் திரும்பச் செய்து பார்த்தபோது அந்தப் பெறுபேறுகள் நிலைக்கவில்லை. இதைவிடச் சுவையானது ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கரின் கதை. இளமையில் படைப்பயிற்சியின்போது குதிரையிலிருந்து விழுந்து மயிரிழையில் தப்பிய அன்றே, தொலைவிலிருந்த தமக்கைக்குக் காரணமின்றி அச்சம் எழுந்து, வீட்டிலிருந்து நலம் விசாரித்துத் தந்தி வந்தது. உள்ளம் உள்ளத்துக்குச் செய்தி அனுப்பியது என்று நம்பிய அவர், மூளையின் ஆற்றலைத் தேடிச் சென்று 1924இல் மனித மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்தார். ஆனால் உச்சந்தலையில் கிடைத்த மின்னழுத்தமோ ஏறத்தாழ 10 முதல் 100 மைக்ரோவோல்ட். அடுத்த அறைக்கே எட்டாத அதனை நாவலாசிரியர்கள் விண்மீன்களுக்கு அனுப்பினார்கள்.

தமிழில் இதற்குச் 'சித்து' என்றோ 'சித்தி' என்றோ எழுதக் கை துறுதுறுக்கும். ஆனால் சித்தி என்பது 'கைகூடுதல்' என்னும் பொருளுடைய வடமொழி வேரிலிருந்து வந்தது. அணிமா முதலிய எட்டுச் சித்திகளும் யோகப் பயிற்சியின் பேறுகள். 'அருள்' என்பதோ பயின்று பெறுவதன்று, மேலிருந்து இறங்குவது. புனைகதை சொல்லும் காரணமோ மரபணு மாற்றம், கதிர்வீச்சு, மூளையில் பொருத்திய கருவி போன்றது; அங்கே தவமும் இல்லை, தெய்வமும் இல்லை. விளக்கம் மாறினால் சொல்லும் மாறத்தான் வேண்டும். மந்திர ஆற்றலை மெய்ப்பிப்போருக்கு ஓர் இலட்சம் ரூபாய் தருவதாக இலங்கையில் அறைகூவிய பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர், முத்திரையிட்ட உறைக்குள் இருக்கும் பணத்தாளின் இலக்கத்தைச் சொல்லுமாறு கேட்டார். ரைனின் அட்டைச் சோதனைக்கு இது தூரத்து உறவு. 1978இல் அவர் மறையும்வரை பரிசு எவருக்கும் போகவில்லை.

ஆகவே என் பரிந்துரை 'உளத்திறனியல்'. இலங்கையில் நமது பாடநூல்கள் எலக்ட்ரோனிக்ஸை 'இலத்திரனியல்' என்கின்றன. அதன் வாலை அப்படியே வெட்டி ஒட்டினால் 'உளத்திரனியல்' என்று பொருளற்ற சொல்லே கிடைக்கும். மூலச் சொல்லும் அப்படித்தான் ஒட்டுப்போடப்பட்டது என்பது வேறு விடயம். இடையின ரகரத்தை வல்லின றகரமாக்கினால், இலத்திரனியலின் ஓசை காதில் நிற்க, உள்ளத்தின் திறன் பற்றிய இயல் என்ற பொருளும் வந்து அமர்கிறது.

இத்துறையின் இன்னொரு சொல், உள்ளத்திலிருந்து உள்ளத்துக்குச் செய்தி செல்வதைக் குறிக்கும் 'டெலிபதி'. 1882இல் பிரெடெரிக் மையர்ஸ் என்னும் ஆய்வாளர் ஆக்கிய அதற்குத் 'தொலையுணர்வு' என்பது சொல்லுக்குச் சொல் பொருந்தும். ஆயினும் செய்மதியிலிருந்து நிலத்தை ஆராயும் துறை அப்பெயரை எடுத்துக்கொண்டுவிட்டதால், 'உளத்தொடர்பு' என்று எழுதுவதே குழப்பமற்றது.