காய்ச்சல் விட்டாச்சு, மாரத்தான் ஓடலாமா? உடம்புக்குள்ள நடக்குற கணக்கு

ரேஸுக்கு ரெண்டு மூணு வாரம் இருக்கும்போது காய்ச்சல்ல படுத்து, அஞ்சு நாள்ல எழுந்து, "இப்போ நல்லாத்தான் இருக்கு, ஓடிடலாமா"ன்னு யோசிக்காத ரன்னரே இருக்க மாட்டாங்க. மாசக்கணக்குல காலையில எழுந்து ட்ரெயினிங் பண்ணி, பணம் கட்டி, லீவு எல்லாம் போட்டு வெச்சிருக்கும்போது அந்த ஆசை வரத்தான் செய்யும். கேட்டா ஒருத்தர் "மனசுல தெம்பு இருந்தா போதும், ஓடு"ம்பாங்க, இன்னொருத்தர் "ஒரு மாசம் அசையாதே"ம்பாங்க. ரெண்டு பேருமே உடம்பை ஒரே பொருளா நினைச்சு பேசுறாங்க. உண்மையில காய்ச்சல் நம்ம உடம்புல நாலஞ்சு விஷயத்தை தனித்தனியா குறைச்சுட்டு போகுது, ஒவ்வொண்ணும் அதது வேகத்துலதான் திரும்பி வருது. நமக்கு "நல்லா இருக்கு"ன்னு தோணுறது அதுல முதல்ல வர்றதை வெச்சு, ஆனா ரேஸ்ல கை விடுறது கடைசியா வர்றதுதான்.

முதல்ல காய்ச்சல். கிருமி உள்ள வந்ததும் வெள்ளை அணுக்கள் சைட்டோகைன்ங்கிற சிக்னல் புரதங்களை ரத்தத்துல விடும், அதனால மூளையில ஹைப்போதலாமஸ் பக்கம் ப்ரோஸ்டாகிளாண்டின்னு ஒரு கெமிக்கல் சுரக்கும், உடனே ஹைப்போதலாமஸ் "இனிமே நார்மல்னா 39 டிகிரி"ன்னு அளவை ஏத்தி வெச்சுடும், அதனாலதான் உடம்பு அனலா கொதிக்கும்போதே நமக்கு பல்லு கிட்டிக்கிற மாதிரி குளிருது. ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினா உடம்பு எரிக்கிற எனர்ஜி சுமார் 10 சதவீதத்துக்கு மேல கூடும், நாடித்துடிப்பும் நிமிஷத்துக்கு கிட்டத்தட்ட 10 ஏறும். படுத்த படுக்கையில இருக்கும்போதே உடம்பு இவ்வளவு வேலை பார்க்குது, சாப்பாடோ இறங்கவே மாட்டேங்குது. பாக்கியை உடம்பு தசையில இருக்குற புரோட்டீனை உடைச்சு எடுத்துக்கும். காய்ச்சல் முடிஞ்சு எழுந்து நிக்கும்போது தொடை வெலவெலன்னு இருக்குறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

இதுல ஒரு விஷயத்தை நிறைய பேர் கவனிக்கறதில்ல. பாராசிட்டமால் போட்டா அந்த ப்ரோஸ்டாகிளாண்டின் சுரக்கிறதுதான் குறையும், கிருமியோட நடக்குற சண்டை அப்படியேதான் நடந்துக்கிட்டு இருக்கும். தெர்மாமீட்டர்ல 37 காட்டுதுன்னு சந்தோஷப்படக் கூடாது. மாத்திரை எதுவும் போடாம முழுசா 24 மணி நேரம் காய்ச்சல் வராம இருந்தாத்தான் விட்டுச்சுன்னு அர்த்தம், நாள் எண்ணுறது அங்கிருந்துதான் தொடங்கணும்.

அடுத்தது ரத்தத்தோட அளவு, எனக்கு இந்த விஷயத்துல ரொம்ப முக்கியமா படுறது இதுதான். நாம நிக்கும்போது ரத்தத்துல கொஞ்சம் கால்ல தேங்கி நிக்கும், படுத்துட்டா அது நெஞ்சுப் பக்கம் வந்து சேரும், இதயத்துல இருக்குற சென்சார்கள் "ஆஹா தண்ணி அதிகமாயிடுச்சு"ன்னு எடுத்துக்கிட்டு கிட்னிக்கு சொல்லும், கிட்னி அதை சிறுநீரா வெளிய தள்ளிடும். முதல் ஒண்ணு ரெண்டு நாள்லயே ரத்தத்தோட திரவப் பகுதியான பிளாஸ்மா குறைய ஆரம்பிச்சுடும். அது போக வியர்வை, வாந்தி, பேதி இருந்தா இன்னும் மோசம். நீண்ட தூரம் ஓடுறவங்களுக்கு ட்ரெயினிங்னாலேயே பிளாஸ்மா சாதாரண ஆளை விட அதிகமா ஏறியிருக்கும், பல மாசம் ஓடி கிடைச்ச அந்த லாபம்தான் முதல்ல கரையுது.

இது எப்படி ஓட்டத்தை பாதிக்கும்னு ஒரு கணக்கு போட்டு பாருங்க. ஒரு ரன்னருக்கு தன்னோட வழக்கமான ஈசி பேஸ்ல, அதாவது சிரமமில்லாம ஓடுற வேகத்துல, நிமிஷத்துக்கு 15 லிட்டர் ரத்தம் ஓடணும்னு வெச்சுக்குவோம். இதயம் ஒரு துடிப்புக்கு 110 மில்லி தள்ளினா 136 துடிப்புல வேலை முடிஞ்சுடும். ரத்தம் குறைஞ்சு இதயம் சரியா நிரம்பாம ஒரு துடிப்புக்கு 95 மில்லிதான் வருதுன்னா அதே 15 லிட்டருக்கு 158 துடிக்கணும். அதே ரோடு, அதே ஷூ, அதே பேஸ், ஆனா ஹார்ட் ரேட்ல 22 அதிகம். மோட்டார் நல்லாத்தான் இருக்கு, தொட்டியிலதான் தண்ணி இல்ல. "காய்ச்சலுக்கு அப்புறம் வாட்ச் என்னமோ தப்பா காட்டுது"ன்னு சொல்றவங்களுக்கு நான் சொல்றது, பெரும்பாலும் வாட்ச் சரியாத்தான் காட்டுது, நம்புங்க.

படுத்தே கிடந்தா எவ்வளவு போகும்னு அமெரிக்காவுல டல்லாஸ்ல 1966ல ஒரு ஆராய்ச்சி நடந்துச்சு. 20 வயசுல இருந்த ஆரோக்கியமான அஞ்சு பசங்களை மூணு வாரம் படுக்கையை விட்டு எழவே விடாம வெச்சு பார்த்தாங்க, உடம்பு அதிகபட்சமா ஆக்சிஜன் பயன்படுத்துற திறன் கால் பங்குக்கு மேல விழுந்துடுச்சு. 30 வருஷம் கழிச்சு அதே அஞ்சு பேரை கூப்பிட்டு அளந்தப்போ, 30 வருஷ வயசு பண்ணின சேதத்தை விட அந்த மூணு வாரப் படுக்கை பண்ணினது அதிகம்னு தெரிஞ்சது. இதைப் படிச்சுட்டு பயந்துடாதீங்க, அஞ்சு நாள் காய்ச்சலுக்கு இவ்வளவு போகாது. அதோட, அந்தப் பசங்க அப்புறம் ட்ரெயினிங் பண்ணி இழந்ததை மீட்டும் எடுத்தாங்க. பிளாஸ்மா திரும்பறது வேகம், தண்ணி உப்போட ஒழுங்கா சாப்பிட்டு மெதுவா நடக்க ஓட ஆரம்பிச்சா ஒண்ணு ரெண்டு வாரத்துல பெரும்பகுதி வந்துடும். தசைக்குள்ள ஆக்சிஜனை வெச்சு எனர்ஜி தயாரிக்கிற மைட்டோகாண்ட்ரியாவோட என்சைம்கள் அதை விட மெதுவாத்தான் ஏறும்.

சரி, ரத்தம் கொஞ்சம் குறைவு, ஹார்ட் ரேட் ஏறும், பல்லைக் கடிச்சுட்டு ஓடிடலாமேன்னா அங்கதான் சூடு குறுக்க வருது. ஓடும்போது உடம்பு எரிக்கிற எனர்ஜியில முக்கால் பங்குக்கு மேல சூடாத்தான் மாறுது, அந்த சூட்டை தோலுக்கு கொண்டு வந்து வியர்வை மூலமா வெளிய விடுறதும் அதே ரத்தம்தான். தசைக்கும் ரத்தம் வேணும், தோலுக்கும் வேணும். போதுமான அளவு இருந்தா ரெண்டையும் சமாளிக்கலாம், குறைவா இருந்தா உடம்பு தோலுக்கு போறதை வெட்டும், உள்சூடு ஏறும். சமீபத்துல உடம்பு சரியில்லாம இருந்தது ஹீட் ஸ்ட்ரோக்குக்கு ஒரு ரிஸ்க்னு விளையாட்டு மருத்துவத்துல தெளிவா எழுதியே வெச்சிருக்காங்க. உள்சூடு 40 டிகிரி தாண்டி, கூட பேச்சு குழறல், தடுமாற்றம், சம்பந்தமில்லாத கோபம்னு மூளை சம்பந்தப்பட்ட அறிகுறி வந்தா அது எமர்ஜென்சி. ஹீட் ஸ்ட்ரோக் வந்தா வியர்வை நின்னுடும்னு ஒரு நம்பிக்கை இருக்கு, ஓடும்போது வர்றதுல அப்படி கிடையாது, தொப்பலா நனைஞ்சபடியே விழறவங்கதான் அதிகம். அந்த நேரத்துல ஐஸ் தண்ணியில கழுத்து வரைக்கும் இறக்கி முதல்ல குளிர வைக்கணும், ஆஸ்பத்திரிக்கு ஏத்துறது அதுக்கு அப்புறம்தான்.

செக்கோஸ்லோவாக்கியாவோட ஓட்டப்பந்தய வீரர் எமில் ஸாட்டோபெக் கதையை இந்த இடத்துல யாராச்சும் இழுப்பாங்க. 1950ல ப்ரஸ்ஸல்ஸ் ஐரோப்பிய சாம்பியன்ஷிப்புக்கு முன்னாடி ஃபுட் பாய்சன் ஆகி ஆஸ்பத்திரியில கிடந்து, வெளிய வந்து 10,000 மீட்டர், 5,000 மீட்டர் ரெண்டையும் ஜெயிச்சவர். உண்மைதான், அபாரமான மனுஷன். ஆனா 10,000 மீட்டரை அவர் அரை மணி நேரத்துக்குள்ள முடிச்சுடுவார், அவ்வளவு நேரத்துல சூடு சேர்றதும் தசையில சேமிச்சு வெச்ச சர்க்கரையான கிளைகோஜன் தீர்றதும் மாரத்தான் அளவுக்கு போகாது. அதே ஸாட்டோபெக் 1956ல ஹெர்னியா ஆபரேஷன் முடிஞ்ச கொஞ்ச நாள்ல மெல்போர்ன் ஒலிம்பிக்ஸ் மாரத்தான் ஓடினார், ஆறாவதாத்தான் வந்தார். 1952ல அதே ஒலிம்பிக்ஸ் மாரத்தானை ஜெயிச்ச ஆள் அவர். இந்தப் பாதியை யாரும் சொல்றதே இல்ல.

இதயத்தை பத்தி சொல்லாம விட முடியாது. காக்ஸாக்கி, இன்ஃப்ளூயன்சா, கொரோனா மாதிரி சில வைரஸ்கள் சில பேருக்கு இதயத் தசையிலயே அழற்சியை உண்டாக்கும், மயோகார்டைட்டிஸ்னு பேர். எல்லாருக்கும் வர்றதில்ல, அபூர்வம்தான். ஆனா வந்திருக்கும்போது கடுமையா ஓடினா வீங்கின தசையில மின் ஓட்டம் தாறுமாறாகி இதயம் திடீர்னு நின்னே போகலாம். 1970ல வெளிவந்த ஒரு ஆய்வுல காக்ஸாக்கி வைரஸ் ஏத்தின எலிகளை கட்டாயமா நீந்த வெச்சு பார்த்தாங்க, சும்மா இருந்த எலிகளை விட நீந்தினதுகளோட இதயத்துல வைரஸ் பல மடங்கு பெருகி, இறந்ததும் அதிகம். அதனால காய்ச்சலுக்கு அப்புறம் நெஞ்சு வலி, படபடப்பு, மயக்கம், படி ஏறினாலே மூச்சு வாங்குறதுன்னு எது இருந்தாலும் ஓட்டத்தை நிறுத்திட்டு டாக்டரை பாருங்க, ஈசிஜியும், இதயத் தசை பாதிப்பைக் காட்டுற ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் எடுக்க சொல்வாங்க. மயோகார்டைட்டிஸ்னு உறுதியானா மூணுல இருந்து ஆறு மாசம் போட்டி கிடையாதுங்கிறதுதான் வழக்கமான அறிவுரை. எந்த மெடலும் இதுக்கு ஈடில்லைன்னு நான் அடிச்சே சொல்வேன்.

அப்போ நம்ம நிலைமையை எப்படி கண்டுபிடிக்கிறது? 1990கள்ல இருந்து கழுத்து டெஸ்ட்டுன்னு ஒண்ணு சொல்லிட்டு வர்றாங்க, மூக்கு ஒழுகல், லேசான தொண்டை கரகரப்புன்னு கழுத்துக்கு மேல மட்டும் இருந்தா மெதுவா ஓடலாம், கழுத்துக்கு கீழ, அதாவது நெஞ்சு சளி, உடம்பு வலி, காய்ச்சல், வயிறுன்னு இருந்தா கூடாது. முதல் வடிகட்டிக்கு பரவால்ல. அதை விட நான் நம்புறது காலையில கண்ணு முழிச்சதும் எடுக்குற ஹார்ட் ரேட். வழக்கமா 54 இருக்குறவங்களுக்கு 62, 63னே காட்டிட்டு இருந்தா உள்ள வேலை இன்னும் முடியல. அது பழைய அளவுக்கு வந்ததும் தெரிஞ்ச ரூட்ல அரை மணி நேரம் ஈசியா ஓடி, நோய்க்கு முன்னாடி அதே பேஸ்ல ஹார்ட் ரேட் என்ன இருந்துச்சுன்னு ஒப்பிட்டு பாருங்க. ஓடின அன்னைக்கு எப்படி இருக்குங்கிறதை விட மறுநாளும் அதுக்கு அடுத்த நாளும் எப்படி இருக்குங்கிறதுதான் முக்கியம், ஏன்னா கொரோனா மாதிரி வைரஸுக்கு அப்புறம் சில பேருக்கு ஒண்ணு ரெண்டு நாள் கழிச்சுத்தான் உடம்பு அடிச்சு போட்ட மாதிரி ஆகும். அப்படி ஆனா ரேஸை மறந்துடுங்க. கொரோனாவுக்கு 2021ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல வந்த வழிகாட்டியில, அறிகுறி எதுவுமே இல்லாம ஏழு நாள் முழுசா போன பிறகுதான் உடற்பயிற்சியையே மெதுவா ஆரம்பிக்க சொல்லியிருக்காங்க.

விட்டுப்போன லாங் ரன்னை கடைசி பத்து நாள்ல ஈடு கட்டப் பார்க்காதீங்க, அந்த ஓட்டத்தோட பலன் தசையில சேர்றதுக்குள்ள ரேஸ் முடிஞ்சுடும், களைப்பு மட்டும்தான் மிஞ்சும். ஃபுல்லுக்கு பதிவு பண்ணியிருந்தா ஹாஃபுக்கோ 10 கிலோமீட்டருக்கோ மாத்த முடியுமான்னு கேட்டுப் பாருங்க. ஓடியே தீரணும்னா பேஸை மறைச்சுட்டு ஹார்ட் ரேட்டை மட்டும் பார்த்து ஓடுங்க, முதல் பாதியில "இன்னும் தெம்பு இருக்கே"ன்னு தோணினாலும் ஏத்தாதீங்க. வெயில்ல ஓடும்போது திடீர்னு குளிர்ற மாதிரியோ புல்லரிக்கிற மாதிரியோ இருந்தா, நெஞ்சுல ஏதாவது பண்ணினா, அங்கேயே நின்னு வாலண்டியரை கூப்பிடுங்க.

வலி மாத்திரை விஷயத்துல கறாரா இருங்க. உடம்புல தண்ணி குறையும்போது கிட்னிக்கு ரத்தம் குறையாம பார்த்துக்கிறதும் ப்ரோஸ்டாகிளாண்டின்தான், இபுப்ரோஃபென் அதைத் தடுத்துடும். 80 கிலோமீட்டர் ஓடினவங்கள்ல பாதிப் பேருக்கு இபுப்ரோஃபெனும் மீதிப் பேருக்கு டம்மி மாத்திரையும் குடுத்த ஒரு ஆய்வுல, இபுப்ரோஃபென் போட்டவங்கள்ல 52 சதவீதம் பேருக்கும் டம்மி போட்டவங்கள்ல 34 சதவீதம் பேருக்கும் கிட்னி பாதிப்பு இருந்துச்சு. அந்த பாதிப்பு சும்மா ஓடினாலே இவ்வளவு பேருக்கு வருதுங்கிறதையும் சேர்த்துப் பாருங்க. வைரஸ் காய்ச்சலுக்கு அப்புறம் தசை அணுக்கள் உடைஞ்சு அதோட புரதம் கிட்னியை அடைக்கிற ரிஸ்க்கும் கொஞ்சம் கூடுதல். ஓடி முடிச்ச அன்னைக்கோ மறுநாளோ சிறுநீர் கோலா கலர்ல போனா, இல்ல தண்ணி குடிச்சும் பல மணி நேரம் போகவே இல்லன்னா, தூங்கி எழுந்து பார்த்துக்கலாம்னு விடாம அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு போய் ரத்தத்துல தசை உடைஞ்சதைக் காட்டுற சிகே அளவையும் கிட்னி நிலைமையைக் காட்டுற கிரியாட்டினினையும் பார்த்துடுங்க.